குரல் நின்றால் கை நிற்கும்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு தொடைநடுங்கியை நான் பார்த்ததில்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த உத்தியோகம், கிரேன் உச்சியில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து பாரம் தூக்குவது. தினமும் காலையில் ஏணியின் முதல் படியில் கையை வைத்து, "ஆண்டவா, நீதான்பா வழி காட்டணும்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் ஏறுவார். "அவருக்கு வேற வேலை இல்லையா? உங்ககூட லிவர் பிடிக்கவா வருவார்?" என்று சீண்டுவேன். காதிலேயே வாங்கமாட்டார்.

வழி காட்ட என் தம்பியும் இருந்தான். கட்டடத்துக்குப் பின்னால் பாரம் இறங்கும் இடம் மேலே இருப்பவருக்குத் தெரியாது. கீழே நின்று வாக்கி டாக்கியில் தம்பி, "விடு விடு விடு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் சொல்லும் வரைதான் இவர் இறக்குவார். குரல் நின்றால் கை நிற்க வேண்டும், அதுதான் அவர்கள் வேலையில் சட்டம். வீட்டில் மாமா, வாங்க போங்க என்று குழைபவன் வேலையில் மட்டும் "விடு, நிறுத்து" என்று அதட்டுவான். வாய் மூடாதவன் என்பதால் ஊரே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும். ஒரே கம்பியின் மேல்முனையில் புருஷன், கீழ்முனையில் தம்பி. கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டிருந்த நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் டீ ஆற்றினேன்.

முந்தின நாள் சாப்பிடும்போது ரெண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. "உன் வாய்க்கு ஒரு பூட்டு போட்டா தேவலை மச்சான்" என்று இவர் விளையாட்டாகச் சொல்ல, அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஒரு நாள் வாயை மூடுறேன் மாமா. அப்பத் தெரியும் என் அருமை." மறுநாள் காலை டீயைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தான்.

மத்தியானம் காற்று கிளம்பியது. ஒரு சுவரளவு கான்கிரீட் பலகை கட்டடத்தைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கம்பி மட்டும்தான் தெரிந்தது. வாட்ச்மேனின் வாக்கி டாக்கியில் தம்பி குரல் கேட்டது. "விடு விடு விடு வி..."

அதோடு சரி.

"மச்சான்?" இது என் வீட்டுக்காரர். "மச்சான், கேக்குதா?"

பதில் இல்லை. பாழாய்ப்போனவன், முறுக்கிக்கொள்ள நேரம் பார்த்தான் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு ஆட்கள் கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் ஓடினார்கள். கம்பி காற்றில் ஆட ஆரம்பித்தது.

சூப்பர்வைசர் பாய்ந்து வந்து வாட்ச்மேனிடமிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கினார். "யோவ், காத்து ஏறுது! இன்னும் கொஞ்சம்தான், இறக்குய்யா!"

"மச்சான் சொல்லட்டும் சார்." கரப்பான்பூச்சிக்கு நடுங்கும் அதே குரல்.

"அவன் கோவிச்சுக்கிட்டு நிக்கிறான்! நான் சொல்றேன், இறக்கு! கிரேன் சாய்ஞ்சா நீதான் முதல்ல போவ!"

கம்பி இறங்கவில்லை. டீ பொங்கி அடுப்பை அணைத்தது, குனிந்து பார்க்கக்கூட முடியவில்லை. ஆண்டவனே, அந்தப் பயந்தாங்கொள்ளிக்குக் கொஞ்சம் தைரியம் கொடு, அதை இறக்க வை, இறக்க வை என்று அழுது வேண்டினேன். அப்படி மனமுருகி நான் எதையுமே கேட்டதில்லை.

"மாமா..."

தம்பி குரல்தான். மூச்சு இரைத்தது.

"விடாதீங்க மாமா. விடாதீங்க. நான் வெளிய வந்துட்டேன், ஆனா இன்னும் விடாதீங்க."

வேலை நேரத்தில் அவன் மரியாதை கொடுத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

பலகை உட்காரும் இடத்தில் ஒரு கட்டை நகர்ந்து கிடந்திருக்கிறது. அதைத் தள்ளப் போனவனின் கால் தரையில் கிடந்த கட்டுக்கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள, குப்புற விழுந்திருக்கிறான். வாக்கி டாக்கி சேற்றுக்குள் போய்விட்டது. தலைக்கு மேலே பலகை. கத்திய கத்தல் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போன ரெண்டு பேரும்தான் காலை விடுவித்து, வாக்கி டாக்கியையும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

பலகையை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டு இவர் கீழே வந்தார். ஏணியடியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார்.

"எப்படிங்க அசையாம இருந்தீங்க?"

"பயத்துல உயிரே போயிடுச்சு. வழி காட்டு, வழி காட்டுன்னு ஆண்டவன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரும் ஒண்ணும் சொல்லல, மச்சானும் ஒண்ணும் சொல்லல." கிளாஸை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "குரல் நின்னா கை நிக்கணும். ரெண்டு பேருக்கும் அதே சட்டம்தானேன்னு பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்."

தம்பி நொண்டிக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ரேடியோவுக்கு வாயே திறக்கவில்லை.

"ஏதாவது பேசுடா மச்சான், பயமா இருக்கு" என்றார் இவர்.

நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன். இறக்க வை என்று நான் கெஞ்சிய நேரமெல்லாம் அடியில் கிடந்தது என் கூடப்பிறந்தவன். கேட்டதைக் கொடுக்காததற்காக ஆண்டவனுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.