திறக்காமல் சொன்ன விலை

எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புச் சுருள், அதாவது காயில், கட்டும் அந்தக் கடையில் விலை சொல்வது ஒரு பெண்பிள்ளை. வயது நாற்பத்தெட்டு. எல்லாருக்கும் அவள் தராசக்கா. எரிந்த மோட்டாரிலிருந்து வெட்டி எடுத்த செம்புக் கம்பியைக் கையில் வாங்குவாள், மேலும் கீழும் ஒரு ஆட்டு ஆட்டுவாள், "ஆறு கிலோ, நூறு கிராம் கூட இருக்கும்" என்பாள். தராசில் வைத்தால் அப்படியே இருக்கும். ஒரு நாளும் தப்பினதில்லை என்று நான் சொல்லமாட்டேன். தப்பின நாளும் உண்டு. அன்றைக்கெல்லாம் தராசைத்தான் திட்டுவாள்.

கடை அவளுடைய அண்ணனுடையது. அண்ணன் காயில் கட்டுவார், தங்கை விலை போடுவாள். மூன்றாவதாக ஒருத்தன் உண்டு. பழைய காயிலை வெட்டி எடுப்பது, பேரிங் மாற்றுவது, தூக்குவது இறக்குவது எல்லாம் அவன் வேலை. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பான். அதனால் அவன் பேரே பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. "பார்க்கலாம், சாப்பிட்டியா?" என்று கேட்டால் அதற்கும் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.

விலை சொல்வது நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற சொகுசு வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். மோட்டார் வந்து இறங்கினால் முதலில் அதைத் தொடவே மாட்டாள். கொண்டு வந்தவரைத்தான் பார்ப்பாள். "எப்படி நின்னுச்சு? பட்டுனு நின்னுச்சா, முனகி முனகி நின்னுச்சா? வாசனை முதல்ல வந்துதா, புகை முதல்ல வந்துதா?" அப்புறம் அச்சைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைப்பாள். பேரிங் கரகரத்தால் தெரிந்துவிடும். பிறகு மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விடுவாள். காயிலில் ஒரு பங்கு மட்டும் கறுத்து மற்றது பளிச்சென்று இருந்தால் மின்சாரம் ஒழுங்காக வரவில்லை என்று அர்த்தம். எல்லாம் ஒரே மாதிரி கறுத்திருந்தால் தாங்காத சுமை இழுத்திருக்கிறது. அதற்கப்புறம்தான் சுற்றுகளை எண்ணுவது, கம்பியின் கனத்தை அளப்பது, எடை பார்ப்பது. கம்பி இவ்வளவு, காகிதம் இவ்வளவு, வார்னிஷ் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று மனசுக்குள் கூட்டி ஒரே ஒரு விலை சொல்வாள். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"கொஞ்சம் பார்த்துப் போடுங்கக்கா" என்று இழுப்பார்கள்.

"பார்த்துத்தான் போட்டிருக்கேன். ரெண்டு கண்ணாலயும் பார்த்துத்தான் போட்டிருக்கேன்."

ஆனால் திறக்காமல் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். நாலு கடை தள்ளிப் புதிதாக ஒருத்தன் வந்திருந்தான். அவன் ஃபோனிலேயே, மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டுவிட்டு விலை சொல்லிவிடுவான். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரு தோராயம் சொன்னா உன் நாக்கு தேஞ்சா போயிடும்?"

"வயித்தைத் திறக்காம ஆபரேஷனுக்கு விலை சொல்வாங்களா அண்ணா?"

"அவன் சொல்றானே!"

"அப்ப அவன்கிட்டயே போய்ப் படுத்துக்கோ."

இப்படிச் சிரிப்பாகவே அந்தப் பேச்சு முடியும். இந்தக் கண்டிப்பு அவளோடு கூடப் பிறந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்படி இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் ஃபோனில் விலை சொன்னவள்தான்.

அன்றைக்குக் கூப்பிட்டது மில்லம்மா. மூன்று தெரு தள்ளி மாவு மில் வைத்திருக்கிறவள், இவளுக்குப் பத்து வயது மூத்தவள். பத்து எச்.பி. மோட்டார் எரிந்துவிட்டது, இப்போதே விலை சொன்னால்தான் பணம் புரட்ட முடியும் என்று அவசரப்படுத்தினாள். இவளும் மற்ற பத்து எச்.பி. மோட்டார்களை நினைத்துக்கொண்டு ஒரு விலை சொல்லிவிட்டாள். மோட்டார் வந்தது, திறந்தார்கள். அது பழைய காலத்து மோட்டார். இவள் நினைத்ததைவிடக் கிட்டத்தட்ட மூன்று கிலோ செம்பு கூட இருந்தது. "கூப்பிட்டு விலையை ஏத்திச் சொல்லு" என்றார் அண்ணன். "மாட்டேன். சொன்ன விலை சொன்னதுதான்" என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணன் இரண்டே நாளில் காயில் கட்டி முடித்துவிட்டார்.

புதுக் காயில்களை மோட்டாரின் உள்பள்ளங்களான காடிகளில் இறக்க எடுத்துக் கொடுத்தது இவள்தான். கையில் வாங்கியபோது லேசாக இருந்தது. காலையிலிருந்து வேலை, கை மரத்துப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதோடு சரி. அதன் பிறகு அவள் எந்த மோட்டாருக்கும் திறக்காமல் விலை சொன்னதில்லை. ஏன் என்று அண்ணன் கேட்டதும் இல்லை, இவள் சொன்னதும் இல்லை.

அந்த மோட்டார்தான் இப்போது திரும்பி வந்தது. சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு மில்லம்மாவே வந்தாள். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது.

"எரிஞ்சே போச்சு தராசு. இந்தத் தடவை நீ சொல்ற விலையிலதான் எல்லாம் இருக்கு. கையை மீறிப் போச்சுன்னா மில்லை வித்துடுவேன். கேட்டு ஒருத்தன் வாசல்லயே நிக்கிறான்."

"விக்கிற அளவுக்கு என்ன வந்துச்சு மில்லம்மா?"

"யாரு இருக்கா கூட நின்னு ஓட்ட? தம்பி இருந்தான், அவனையும் நானே திட்டித் துரத்திட்டேன். அன்னைக்கே நீ சொன்னியே, சுமை ஜாஸ்தின்னு."

அது நிஜம். காயில் கட்டிய அடுத்த வருஷம் மில்லம்மா ஃபோன் செய்து மோட்டார் கொதிக்கிறது என்றாள். "சுமையைக் குறைச்சு ஓட்டுங்க" என்று இவள் சொல்லி வைத்தாள். எத்தனையோ பேருக்குச் சொல்வதுதான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மில்லம்மா தம்பியை உலுக்கியிருக்கிறாள். நீ கண்மூடித்தனமாகத் தானியத்தைக் கொட்டுகிறாய், மோட்டாரைக் கொல்கிறாய் என்று தினமும் ஒரே சத்தம். அவன் நான் அளவாகத்தான் போடுகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது யாருடைய கிடங்கிலோ மூட்டை தூக்குகிறான். பேச்சுவார்த்தை அறுந்து மூன்று வருஷமாயிற்று.

பார்க்கலாம் மூடியைக் கழற்றினான். மூன்று தலைகளும் உள்ளே எட்டிப் பார்த்தன. எல்லாக் காயிலும் ஒரே கறுப்பு.

"பார்த்தியா?" என்றாள் மில்லம்மா. "இது கூட எனக்குத் தெரியும். ஒரே கறுப்புன்னா சுமைதானே? அவன் பண்ணின வேலைதான் இத்தனை நாள் கழிச்சு உசிரை வாங்கியிருக்கு."

தலையை ஆட்டினால் போதும். ஒரு வார்த்தை கூடப் பேசவேண்டாம். தராசக்கா தலையை ஆட்டவில்லை. "காயிலை வெட்டட்டும் மில்லம்மா, அப்புறம் சொல்றேன்" என்றாள்.

பார்க்கலாம் உளியை வைத்துத் தட்டினான். ஒரு காடியிலிருந்து காயிலை உருவியபோது கூடவே கருகின காகிதமும் வந்தது. காடிக்கு உறை போடுகிற காகிதம் ஒரு மடிப்புதான் இருக்கும். இது நாலாக மடித்துத் திணித்திருந்தது. அடுத்த காடியிலும் அப்படியே. கம்பி மெலிந்து, காடி நிறையாமல், காயில் ஆடாமலிருக்க யாரோ இடத்தை அடைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! தராசக்கா கம்பியை அளந்தாள். இருக்கவேண்டியதைவிட ஒரு நம்பர் மெலிசு. மெலிந்த கம்பியில் அதே வேலையை வாங்கினால் மோட்டார் கொதிக்கும், எவ்வளவு அளவாகப் போட்டாலும் கொதிக்கும்.

அண்ணன் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டுப் பின்பக்கம் கூட்டிப் போனார். வார்னிஷ் டப்பாக்கள் அடுக்கிய இடம்.

"மூச்சு விடாதே. நல்ல கம்பி போட்டு நானே கட்டித் தர்றேன். கூலியை வேணும்னா குறைச்சுச் சொல்லு. அதோட முடிஞ்சுது."

"ஏண்ணா இப்படிப் பண்ணினே?"

"நீதானே விலையை ஏத்தமாட்டேன்னு குதிச்சே! அந்த விலைக்குள்ள மூணு கிலோ செம்பை நான் எந்தக் கிணத்துல முங்கி எடுக்கிறது?"

"மெலிசு போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்குத் தெரியாதா?" அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நீ கையில வாங்கலை? ஊருக்கே எடை சொல்ற கை, அன்னைக்கு மட்டும் தூங்கிடுச்சா?"

அவள் ஒரு வார்னிஷ் டப்பாவை எடுத்தாள், திரும்ப அதே இடத்தில் வைத்தாள். தெரிந்துதான் இருந்தது. அண்ணன் செய்தது அந்த இரண்டு நாள் வேலை. அவள் செய்தது அதற்கப்புறம் வந்த ஃபோனில், கொஞ்சமும் தயங்காமல், "சுமையைக் குறைங்க" என்று சொன்னது. இதில் எது பெரிசு என்று அளக்க எந்தக் கருவியும் வேண்டாம்.

வெளியே வந்து ஸ்டூலை இழுத்து மில்லம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். காகிதத்தையும் கம்பியையும் அவள் மடியில் வைத்தாள்.

"சுமை இல்லை மில்லம்மா. உங்க தம்பி ஒரு தப்பும் பண்ணலை. கம்பி மெலிசு. இங்கே கட்டினதுதான். நான் விலையைக் குறைச்சுச் சொல்லிட்டேன், அந்த விலைக்குள்ள அடங்குறதுக்காக மெலிசு போட்டுட்டோம். எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு. வாயைத் திறக்கலை."

மில்லம்மா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணி நேரம் ஓட்டினா அரைமணி நேரம் நிறுத்துவேன், ஆறட்டும்னு. வந்தவங்க காத்திருந்து பார்த்துட்டு வேற மில்லுக்குப் போவாங்க. ஆறு வருஷம் தராசு."

"தெரியுது மில்லம்மா. கூலி வேண்டாம். கம்பிக்கு மட்டும்..."

"நிறுத்து. நீ எல்லாத்துக்கும் விலை போடுறவளாச்சே, இதுக்குப் போடு. அந்த அரைமணி நேரத்துக்கெல்லாம் என்ன? என் தம்பி வாசப்படி இறங்கிப் போனானே, அதுக்கு என்ன? போடு, கேட்கிறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, திறந்து பார்த்த பிறகும் அவளுக்கு விலை சொல்ல வரவில்லை. பார்க்கலாம் உளியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தான்.

"உன் இனாம் கூலி எனக்கு வேண்டாம்" என்றாள் மில்லம்மா. "முழு விலையும் தர்றேன். ஆனா நீ விலை எழுதுற எஸ்டிமேட் தாள்லயே எழுது. முன்னாடி கட்டினது மெலிசுக் கம்பி, சூடானது அதனாலதான், ஓட்டினவன் மேல குத்தமில்லைன்னு. யார் கட்டினதுன்னும் எழுதி, கடை சீலும் குத்து. நான் வாயால சொன்னா அவன் நம்பமாட்டான். நானும் வாயாலதானே எல்லாத்தையும் கெடுத்தேன்."

சீல் அண்ணனுடைய மேஜை இழுப்பறையில் இருந்தது. அவர் இழுப்பறை மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நம்ம கடை பேரை நாமளே தாள்ல எழுதிக் கெடுத்துக்கிறதா? அந்த நாலாவது கடைக்காரன் கையில இது கிடைச்சா என்ன ஆகும் தெரியுமா?"

"பேரு கெட்டது ஆறு வருஷம் முன்னாடிண்ணா. இன்னைக்கு எழுதுறோம், அவ்வளவுதான்."

"முடியாது."

"கையை எடுண்ணா."

அவர் எடுக்கவில்லை. அவளும் நகரவில்லை. அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே வீட்டில் வாங்கினதுதானே. ஒரு வாடிக்கைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இவர்கள் நின்ற நிலையைப் பார்த்து அப்படியே திரும்பிப் போனார். கடைசியில் அண்ணன் கையை எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், தாளை வாங்கி, "கட்டியது" என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் பின்பக்கம் போய்விட்டார். தராசக்கா கீழே விலையை எழுதினாள். சரியான கம்பி, சரியான எடை, சரியான கூலி. சீல் குத்தினாள்.

மில்லம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "கட்டி வை. மில்லை விக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் மோட்டாரை மில்லில் கொண்டுபோய் மாட்டினார்கள். மாட்டுவது பார்க்கலாமுடைய வேலை. விலை சொல்கிறவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் தராசக்கா போனாள். யாரும் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மில்லுக்குள் ஒருத்தன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். முதுகில் மூட்டை தூக்கின தழும்பு. மில்லம்மாவின் மூக்கும் தாடையும் அப்படியே அவனுக்கு. தாளைப் படித்தானா, படித்து என்ன சொன்னான், அக்காவும் தம்பியும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவன் இவள் பக்கம் திரும்பாமல் நேராக மோட்டாரிடம் போனான்.

சுவிட்சைப் போட்டான். எப்போதும் போடுகிற அளவு தானியத்தைக் கொட்டினான். ஒரு உள்ளங்கையை மோட்டார் உடம்பின் மேல் வைத்தான். ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடியது. நடுவில் தானியம் கொட்டவும் மாவு அள்ளவும்தான் கையை எடுத்தான். மறுபடி கொண்டுவந்து அங்கேயே வைத்தான். மில்லம்மா எதிர்ப்பக்கம் நின்று அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மணியும் ஆயிற்று. கை அங்கேயே இருந்தது, சுருக்கென்று எடுக்கவில்லை.

வாசலில் நாலைந்து பேர் பாத்திரத்தோடு சேர்ந்துவிட்டார்கள். தராசக்கா சுவரோரமாகவே நின்றாள். உட்கார இடம் இருந்தது, ஆனால் அவளாக உட்காரவில்லை.

மில்லம்மா ஒரு காலி மூட்டையை உதறி மடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"தள்ளி நில்லு தராசு. மாவெல்லாம் உன் தலையிலதான் கொட்டுது."

அவள் தள்ளி நின்றாள்.