கையுறையும் காவடியும்

மூட்டு மாற்று ஆபரேஷனில் செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டுவதற்கு ஒரு தூளையும் ஒரு திரவத்தையும் கலப்போம். எலும்பு சிமெண்ட் என்று பெயர். நான் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் அந்தத் திரவ ஆம்பியூலை உடைத்ததும் குப்பென்று எங்கள் வீட்டு வாசனை வந்தது. மற்றவர்கள் தலைவலி என்று முகத்தைச் சுளித்தார்கள். நான் மட்டும் இன்னொரு முறை ஆழமாக மூச்சை இழுத்தேன். மாஸ்க் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் நைனா பல்செட் செய்கிறவர். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னறைதான் பட்டறை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நைனா ரோஸ் நிறத் தூளைப் பீங்கான் கிண்ணத்தில் கொட்டி, திரவத்தை ஊற்றி மூடிவைப்பார். முதலில் ஈரமணல் போல இருக்கும். அப்புறம் நூல் நூலாக இழுக்கும். சப்பாத்தி மாவுப் பதம் வந்ததும் விரலால் பிசைந்து, அச்சில் அழுத்தி, இரும்புச் சட்டத்தில் முடுக்கி, தண்ணீரில் வேகவைப்பார். பதம் தப்பினால் ஈறில் பொத்தல் விழும். நைனாவுக்குத் தப்பவே தப்பாது.

அந்தத் திரவத்தின் பாட்டிலில் மீதைல் மெதாக்ரிலேட் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். வீட்டில் நாங்கள் அதை ‘மருந்து’ என்போம். நல்ல பெயர்தான் வைத்தோம். வெந்த பிறகு அது சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகிச் சாதுவாகிவிடும். வேகாத திரவம்தான் பொல்லாதது. ஊரில் உள்ள பெரியவர்களெல்லாம் அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு முறுக்கு கடித்தார்கள். செய்தவர் கைதான் பாழாய்ப்போனது.

நான் ஐந்தாவது படிக்கும்போது நைனாவின் விரல் நுனிகள் வெடிக்க ஆரம்பித்தன. சிவந்து, தோல் உரிந்து, பிளந்துகொண்டு நீர் கசியும். ரசம் சோற்றில் கை வைக்க முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டார். எங்களுக்கு நிலமும் கிடையாது, வேறு தொழிலும் கிடையாது. அந்தப் பத்து விரலை நம்பித்தான் வீட்டில் உலை வைத்தோம். அம்மா எரிச்சலில் என்னைத் திட்டுவாள், பாத்திரத்தை வைக்கிற வேகத்தில் அடுப்பே ஆடும்.

நைனாவுக்கு அதிகம் வேலை கொடுத்த பல் டாக்டரம்மாதான் முதலில் சரியாகச் சந்தேகப்பட்டார். “அந்த மருந்துதான் உங்களுக்கு ஒத்துக்கல போல. இதைப் போட்டுக்கிட்டு செய்ங்க” என்று ஒரு டப்பா ரப்பர் கையுறை கொடுத்தார். நைனா விடாமல் போட்டுக்கொண்டார். கை ஆறவில்லை, இன்னும் மோசமானது.

“உறை போட்டுகினும் வருதுங்களே. அப்ப மருந்து இல்லீங்க” என்றார் நைனா. டாக்டரம்மாவும் யோசித்துவிட்டு ஆமாம் என்றார். அந்தத் திரவம் அந்த ரப்பரைச் சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. கொசுவை உள்ளே விட்டுக் கொசுவலை கட்டின கதைதான். நைனா வியர்க்க வியர்க்க நாள் முழுக்க அந்த உறைக்குள் கையை வைத்திருந்தார்.

மருந்து இல்லையென்றால் வேறு என்ன? அதைக் கண்டுபிடிக்க அரக்கோணத்திலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. ரயில்வேயில் வேலை, உலகத்தில் அவருக்குத் தெரியாதது கிடையாது. “பாவா, இது டாக்டர் பாக்குற சமாச்சாரமே இல்ல. இம்மா நாளா மலைய கண்ணெதுர வச்சிகினு கீறீங்க, ஒரு காவடி எடுத்து கீறீங்களா, சொல்லுங்க” என்றார். நைனா எடுத்ததில்லை. மறுவாரமே மாலை போட்டு மஞ்சள் வேட்டி கட்டினார்.

மாலை போட்டவர் எச்சில் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டாயம். பல் அச்சு ஊரார் வாயிலிருந்து வருவது, எச்சிலிலும் எச்சில். அதனால் விரதம் முடியும்வரை பட்டறையைப் பூட்டினார்கள். ஆடிக் கிருத்திகைக்குள் நைனாவின் கை அப்படியே ஆறிவிட்டது. அம்மா அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நைனா மலர்க்காவடி தூக்கிப் படியேறினார், மாமா முன்னால் அரோகரா போட்டுக்கொண்டு போனார். இறங்கி வந்து பட்டறையைத் திறந்தார்கள். அந்த மாதமே விரல்கள் திரும்ப வெடித்தன.

பூட்டினதால் ஆறியது, திறந்ததால் வந்தது. இதை ஒருவர்கூட யோசிக்கவில்லை. விரதத்தில் குறை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அடுத்த ஆடி வருவதற்குள் குறை யாருடையது என்பதையும் மாமா கண்டுபிடித்தார். “பாப்பாக்கு மலையில முடி எறக்கறதா வேண்டிகினு இருந்தியே, எறக்குனியா?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சவலையாகப் பிறந்தபோது வேண்டிக்கொண்டு, பிழைத்ததும் மறந்துபோயிருந்தாள்.

அப்போது என் சடை இடுப்பைத் தொடும். ஆறாவது படிக்கிற பெண் மொட்டைத் தலையோடு எப்படி ஸ்கூலுக்குப் போவது? மாட்டேன் என்று தரையில் உருண்டு அழுதேன். “நைனா கைய விட உன் சட பெருசாடி?” என்று அம்மா கேட்டாள். நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டேன். நைனா இரண்டாம் முறை மாலை போட்ட அன்றே எனக்கு முடி இறக்கினார்கள். பட்டறைக்கு மறுபடி பூட்டு. கை மறுபடி ஆறியது. என் முடியால்தான் ஆறியது என்று நான் மனதார நம்பினேன். வகுப்பில் மொட்டை மொட்டை என்று கூப்பிட்டபோது கர்வமாகக்கூட இருந்தது.

நைனா அதற்குப் பிறகும் பல வருஷம் பல்செட் செய்தார். ஆடிக்கு ஆடி மாலை போடுவார், ஆறும். கழற்றுவார், வெடிக்கும். கடைசியில் மூச்சிரைப்பு வந்துதான் தொழிலை விட்டார், உயிர் போனதும் அந்த மூச்சிரைப்பில்தான். அந்தத் திரவம் தோலோடு நிற்காது, மூச்சுக் குழாயையும் இறுக்கும், விரல் நுனியில் தொடுஉணர்வையும் சாகடிக்கும் என்பதை நர்ஸான பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் சொல்ல வந்தது அந்த இரண்டாவது காவடிக்கு மறுநாள் நடந்ததை.

மலை ஏறி இறங்கிய அலுப்பில் நைனா கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். எனக்கு முடி அப்போதுதான் பிரஷ் மாதிரி குத்திக்கொண்டு முளைத்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன். விரல்கள் வழவழவென்று, புதுத் தோலோடு அழகாக இருந்தன. நுனியால் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார்.

“இன்னும் மொளைக்கலயா பாப்பா?” என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். நானும் விளையாட்டுக்கு, “இல்ல நைனா, அப்டியே வழவழன்னு கீது” என்றேன்.

மறுபடி தடவினார், மெதுவாக, காது வரைக்கும். “ஆங். வந்துரும். சாமி குடுக்கும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த சத்தத்தில் நைனா கண்ணைத் திறந்தார். என் தலையைப் பார்த்தார். அப்புறம் தன் விரல்களை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மாகிட்ட சொல்லாத” என்றார்.

எதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. சொல்லுகிற மாதிரி எதுவுமே நடக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு, சரி நைனா என்று தலையாட்டிவிட்டு, தெருவுக்கு விளையாட ஓடிப்போனேன்.