மணியாச்சி ரயில்வே கேட்டும் ஒரு நனைந்த சாக்கும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் வழியாக மணியாச்சிக்குக் காரில் போக எவ்வளவு நேரம் ஆகும், மழைக்காலத்தில் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வழியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், 1983 ஐப்பசியில் போன பயணத்தைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. இந்த வலைப்பூவில் எந்தெந்த ஊரைப் பற்றியோ எழுதியிருக்கிறேன். சொந்த ஊர்ப் பக்கத்தை மட்டும் இத்தனை நாள் தட்டிக்கழித்து வந்ததற்கு அந்தப் பயணம்தான் காரணம்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். என் மாமனார் பருத்தி வியாபாரி. அவரிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. மெட்ராஸுக்குப் போயிருந்த மாமனாரும் அத்தையும் திரும்பி வரும்போது, மறுநாள் ஓட்டப்பிடாரத்தில் ஒரு வளைகாப்பு இருந்ததால், கோவில்பட்டியில் இறங்காமல் மணியாச்சியில் இறங்குவதாக ஏற்பாடு. பகல் பதினொன்றே முக்காலுக்கு ரயில். வளைகாப்பு வீட்டில் பாத்திரங்களையும் வாழைத்தாரையும் இறக்கிவிட்டு, அப்படியே மணியாச்சிக்குப் போய் அவர்களை அழைத்துவர வேண்டும். அதனால்தான் எட்டயபுரம் சுற்றி இந்த வழி.

கார் ஓட்டியவர் அந்தோணி அண்ணாச்சி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினோரு வருஷமாக அந்தக் காரை அவர்தான் ஓட்டினார். ஒரு கீறல் விழுந்ததில்லை. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். "தோலுக்குத் தெரியுதது செருப்புக்குத் தெரியாது சார்" என்பார். நான் அவரைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவன் மாதிரி நடந்துகொண்ட காலம் அது.

காலை ஆறரைக்குப் புறப்படும் முன் பானெட்டைத் திறந்து காட்டினார். ஆக்ஸிலேட்டர் கம்பியில் ஒன்றுக்கு இரண்டாக ஸ்பிரிங் மாட்டியிருந்தது.

"வண்டியோட வந்தது ஒண்ணு. இன்னொண்ணு நான் மாட்டினது. ஒண்ணு அத்துப்போனாலும் மத்தது மிதியத் தூக்கிவிட்டுரும். மிதி மேல வரலன்னா வண்டி நம்ம பேச்சக் கேக்காது சார்."

"ஒரு மாட்டுக்கு ரெண்டு மூக்கணாங்கயிறா அண்ணாச்சி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பானெட்டை மூடினார். ஸ்பிரிங் பாடத்தை வகுப்பில் நான் நாலைந்து வருஷமாக நடத்திக்கொண்டிருந்தேன். அது எதற்கு உதவும் என்பதை அவர்தான் தெரிந்து வைத்திருந்தார்.

கோவில்பட்டி–எட்டயபுரம் பதினைந்து கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி, காபி சாப்பிட்டோம். இருவருக்கும் சேர்த்து மூன்று ரூபாய் இருபது பைசா. அரண்மனையை வெளியே நின்று பார்த்துவிட்டு ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். அங்கிருந்து ஓட்டப்பிடாரம் எங்கள் மீட்டர்படி முப்பத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கம்பும் பருத்தியும் பச்சை பிடித்திருந்தன. ரோடு மோசம். எட்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சாமான் இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கரிசல் காட்டு மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மண் காய்ந்து கிடந்தால் கல். நனைந்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. பத்தடி நடந்தால் செருப்பு ஒரு கிலோ கனக்கும். அதனால் மழைக்காலத்தில் அங்கே வாசலுக்கு வாசல் ஒரு சாக்கு கிடக்கும். காலை அதில் தேய்த்துவிட்டுத்தான் யாரும் உள்ளே நுழைவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் ஊறிப்போயிருந்தது. காருக்குள்ளோ மாமனார் போன வாரம்தான் சிவப்பு விரிப்பு போட்டிருந்தார். அதில் சேறு பட்டால் மாப்பிள்ளை என்றும் பார்க்க மாட்டார்.

பத்தரைக்குக் கிளம்பும்போது வளைகாப்பு வீட்டு வாசலில் கிடந்த சாக்கை உதறி எடுத்து, டிரைவர் காலடியில் விரித்தேன். அந்தோணி அண்ணாச்சி குச்சியால் பாதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது வேண்டாம் சார். மிதிகிட்ட ஒண்ணும் கெடக்கக்கூடாது. நான் காலக் கழுவித் தொடச்சிட்டு ஏறுதேன்."

"எத்தன தடவ கழுவுவிய? வழியில எறங்க மாட்டியளா? மாமா என்னையத்தான் ஏசுவாவ."

"சாக்கு நகரும் சார்."

"சாக்குக்கு என்ன காலா இருக்கு? ஏறுங்க அண்ணாச்சி, ரயிலு வந்துரும்."

முதலாளி வீட்டு மாப்பிள்ளையிடம் ஒரு டிரைவர் எத்தனை தடவைதான் மறுத்துச் சொல்வார்? சாக்கின் ஓரத்தை சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு ஏறினார்.

ஓட்டப்பிடாரம்–மணியாச்சி பதினெட்டு கிலோமீட்டர். நடுவில் ரோட்டில் தண்ணீர் ஓடிய ஒரு இடத்தில் இரண்டு தடவை இறங்கி ஆழம் பார்த்தார். அவர் ஈரக்காலோடு ஏறி ஏறி, சாக்கு சேறும் சகதியுமாக முன்னால் நகர்ந்து சுருண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன். விரிப்பில் சேறு படவில்லை என்று திருப்திதான் பட்டேன்.

மணியாச்சி ஸ்டேஷனுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது முன்னால் போன ஒரு மாட்டுவண்டியைத் தாண்டுவதற்காக ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். தாண்டியதும் காலை எடுத்தார். வண்டி வேகம் குறையவில்லை. இன்ஜின் இன்னும் இரைந்தது.

"மிதி மேல வரல சார்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

எதிரே ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிள்காரர்களும், ஓலைப்பெட்டிகளோடு பத்துப் பன்னிரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் இரண்டு காலையும் சேர்த்து பிரேக்கில் ஊன்றினார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் ஊளையிட்டது. சாவியைத் திருப்பி அணைத்தார். நனைந்த ரோட்டில் வண்டி இன்னும் வழுக்கிக்கொண்டே போனது. இனி நிற்காது என்று தெரிந்ததும் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பருத்திக் காட்டுக்குள் இறக்கினார். கரிசல் சேறு நாலு சக்கரத்தையும் அச்சு வரைக்கும் வாங்கிக்கொண்டது. முன்பக்கம் ஒரு பனைமரத்தின் அடிக்கட்டையில் மோதி நசுங்கியது. என் நெற்றியில் ஒரு வெட்டு. அவ்வளவுதான். கேட்டில் நின்ற ஒருவர் மேலும் ஒரு துளி சேறு தெறிக்கவில்லை.

அவர் இறங்கி முன்பக்கம் பார்க்கப் போனார். நான் குனிந்து பார்த்தேன். சாக்கின் மடிப்பு ஆக்ஸிலேட்டர் மிதியின் தலைக்கு மேல் ஏறி, பக்கத்துத் தகரத்துக்கும் மிதிக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. இரண்டு ஸ்பிரிங் என்ன, பத்து ஸ்பிரிங் இருந்தாலும் இழுத்திருக்காது. நான் அதை உருவிப் பின்சீட்டுக்கு அடியில் திணித்தேன். யோசித்துச் செய்யவில்லை என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துத்தான் செய்தேன்.

கேட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவர், "பிரேக்குன்னு நெனச்சி மத்த மிதிய மிதிச்சிட்டாரோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் மாமனார், அத்தையை ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டு, நடந்தே வந்து சேர்ந்தார். கார் கிடந்த கிடையைப் பார்த்து அவர் முகம் கறுத்துவிட்டது. அந்தக் கேள்வி கூட்டத்தில் சுற்றி அவர் காதுக்கும் போயிருந்தது.

"மாப்பிள, இவிய சொல்லுதது நெசமா? மிதி மாறிப்போச்சா?"

அந்தோணி அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"ஆமா மாமா" என்றேன்.

ஒரே ஒரு சொல்தான். மாமனார் அவரிடம், "ஏலே அந்தோணி, சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார். அவர் சாவியைக் கொடுத்தார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த அந்தோணியார் படத்தை நகத்தால் மெல்லப் பெயர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் ரோட்டுக்கு ஏறி நடந்தார்.

சின்ன ஊர். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாத டிரைவர் என்று பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் யார் வண்டி கொடுப்பார்கள்? ஒருவரும் கொடுக்கவில்லை. அது என் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், பொங்கல் கழித்துச் சொல்லலாம், மாமனார் நல்ல மூடில் இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்படியே இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் மாமனார் நெஞ்சு வலியில் இறந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. இதைவிடக் கேவலமான துணிச்சல் உண்டா என்று தெரியவில்லை. கோவில்பட்டியில் ஒரு பஞ்சு குடோனில் அவர் வாட்ச்மேனாக இருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். காலில் செருப்புப் போட்டிருந்தார். அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே சாக்கைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும் சார். நீங்க அத உருவி சீட்டுக்கடியில திணிச்சத கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான நின்னேன்."

"பெறகு ஏன் அண்ணாச்சி வாயத் தொறக்கல?"

"நான் சொன்னா, டிரைவரு தப்பிக்கதுக்குப் பொய் சொல்லுதான்னுதான் எடுப்பாவ. நீங்க சொன்னாத்தான் எடுபடும். அன்னைக்கு இல்லன்னாலும் மறுநா சொல்லுவியன்னு இருந்தேன்."

"இப்ப சொல்லுதேன். எல்லார்கிட்டயும் சொல்லுதேன்."

"யார்ட்ட சொல்லுவிய? மொதலாளிதான் போயிட்டாவளே." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், "அப்பா சாகுத வரைக்கும் அந்தோணி அண்ணாச்சியக் கொறையாத்தான் பேசினாவ" என்றாள். அதைவிட ஒரு தண்டனை எனக்கு வேண்டியதில்லை.

சரி, வாசகர் கேட்டதற்கு வருகிறேன். மொத்தம் அறுபத்தைந்து கிலோமீட்டர். இப்போது ரோடு நன்றாக இருக்கிறது, இரண்டு மணி நேரம் போதும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் ரோட்டை விட்டு மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள். சேற்றுக்காலை வெளியிலேயே கழுவிவிட்டு ஏறுங்கள். டிரைவர் காலடியில் காரோடு வந்த விரிப்பைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அதையும் அதற்குரிய கொக்கியில் மாட்டியிருக்கிறதா என்று ஏறும்போதெல்லாம் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு போடவே போடாதீர்கள். தண்ணீர் பாட்டிலை அங்கே உருள விடாதீர்கள். இப்போது பல கார்களில் பிரேக்கை அழுத்தினால் இன்ஜின் தானாக அடங்கும் வசதி இருக்கிறது. உங்கள் காரில் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தாலும், மிதி மாட்டிக்கொண்டால் குனிந்து கையை விடாதீர்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே மூச்சில் ஊன்றுங்கள், நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இன்ஜினை அணையுங்கள். ஓடும்போதே சாவியைத் திருப்பினால் இன்றைய கார்களில் ஸ்டியரிங் கனத்துவிடும், சிலவற்றில் பூட்டிக்கொள்ளவும் செய்யும்.

வண்டி ஓட்டுகிறவர் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால், அவர் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவராகவே இருந்தாலும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த கேட்டைத் தாண்டும்போது அங்கே யாராவது வயதானவர்கள் நின்றால், ஒரு காலத்தில் மிதி மாற்றி மிதித்து ஒரு கார் காட்டுக்குள் இறங்கிய கதையைச் சொன்னாலும் சொல்வார்கள். அப்போது எனக்காக ஒன்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அந்தோணி அண்ணாச்சி சரியான மிதியைத்தான் மிதித்தார்.