மான்டேரோ உணவகத்துக்கு முப்பத்தொரு பேர்

தட்டு வந்ததும் ஆர்லீன் கோவாலிக் சாப்பிட ஆரம்பிப்பதில்லை. முதலில் தட்டைக் கால்வட்டம் திருப்புவார். கொஞ்சம் பார்த்துவிட்டு இன்னொரு கால்வட்டம். சமையல்காரர் எந்தப் பக்கத்தை அழகுபடுத்தியிருக்கிறார் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை, எந்தப் பக்கத்தை மறைக்கப் பார்த்திருக்கிறார் என்று தெரிய வேண்டும். "முகத்த அலங்கரிக்க எல்லாருக்கும் வரும்மா. முதுகு எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்பார் பரிமாறுகிற பெண்ணிடம். பிறகு நாலு வாய். மீதி, கைப்பையிலிருந்து வெளிவரும் பழைய வெண்ணெய் டப்பாவுக்குப் போய்விடும். மறுநாள் அடுக்களையில் நின்றபடியே ஆறிப்போனதைத் தின்று பார்த்த பிறகுதான் அந்த உணவகத்தைப் பற்றி எழுதுவார். ஆறினாலும் நன்றாக இருந்தால்தான் அவர் கணக்கில் சமையல்.

வயது எழுபத்தொன்று. ப்ரெண்ட்வெல் கவுண்டியில் வியாழன்தோறும் நீல பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வாசலில் எறியப்படும் இலவசப் பத்திரிகையில் இருபத்தாறு வருடமாக 'அக்கம்பக்கம்' பத்தியை எழுதுகிறார். காய்ந்த இலைகளை அள்ள நகராட்சி வண்டி எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வரும், தீயணைப்புக் குழுவின் பான்கேக் காலையுணவு எப்போது, பெல்ஹேவன் சந்தில் சிக்னல் விளக்கு எப்போதுதான் வரும், யார் வீட்டுப் பூனையைக் காணவில்லை, அது எங்கே திரும்பக் கிடைத்தது எல்லாம் அதில் இருக்கும். கிடைக்காத பூனைகளைப் பற்றி மூன்று வாரம் எழுதுவார். அதற்கு மேல் எழுத அவருக்கு மனசு வராது.

யாரையும் குறை சொல்லி எழுதுவதில்லை என்பது அவருடைய விரதம். ஆனால் அவர் பத்தியைப் படிக்கப் பழகியவர்களுக்கு எல்லாம் புரியும். 'பரிமாறுகிறவர்கள் அன்பானவர்கள்' என்றால் சாப்பாடு வர முக்கால் மணி நேரமாகும். 'குழந்தைகளோடு போகலாம்' என்றால் காது செவிடாகும். 'கார் நிறுத்த இடம் தாராளம்' என்று எழுதிவிட்டாரானால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. மாட்டிறைச்சி ஸ்டேக் கடைக்காரர் ஒருவர், இரண்டு வருடம் தொடர்ந்து 'இடம் தாராளம்' வாங்கிய எரிச்சலில், கார் நிறுத்துமிடத்தில் பத்துச் செடித்தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்து இடத்தையே சுருக்கிவிட்டார். மூன்றாம் வருடம் ஆர்லீன் எழுதியது: 'செடிகள் செழிப்பாக இருக்கின்றன.'

அவருக்குத் திருவிழா என்றால் கிறிஸ்துமஸ் இல்லை, உணவக வாரம். இலையெல்லாம் கொட்டித் தீர்ந்து, நன்றித் திருநாளுக்கு இன்னும் நாளிருக்கிற நவம்பரில் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு வாரம் மட்டும் நாற்பது சொச்சம் உணவகங்கள் சேர்ந்து, மூன்று பதார்த்தம் ஒரே விலை என்று ஜனங்களைக் கூப்பிடும். கவுண்டியின் இன்னொரு மூலையிலிருந்தெல்லாம் வருவார்கள். ஒரு கடைக்கு வருடத்தில் அந்த ஒரே ஒரு நாள் மட்டும் போகிறவர்கள் உண்டு. அதை நேர்த்திக்கடன் மாதிரி விடாமல் செய்கிறவர்களும் உண்டு. எந்தக் கடையில் என்னென்ன மூன்று என்ற பட்டியல் ஆர்லீனின் பத்தியில்தான் வரும். அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்வார்கள்.

பட்டியல் போட அவர் ஒரு வழி வைத்திருந்தார். போன வருடத்துப் பட்டியலை எடுத்துக்கொண்டு, சேருகிற கடைகள் அனுப்பிய படிவங்களோடு ஒப்பிட்டு, பென்சிலால் டிக் போடுவது. மான்டேரோ உணவகம் மட்டும் பதினேழு வருடமாக வணிகர் சங்கத்தில் பணம் கட்டிச் சேரும், படிவம் அனுப்பியதில்லை. போர்ச்சுகல்காரர்கள். உரிமையாளர் ஆர்மாண்டோவுக்குப் படிவம் என்றாலே ஒவ்வாமை. ஆர்லீன்தான் போன் போட்டு, அவர் மனைவியைக் கேட்பார்.

"ஒலிண்டா, இந்த வருஷம் என்ன போடட்டும்?"

"அதேதான்டி, அதேதான்! மாத்தறதுக்கு நான் என்ன அரண்மனைச் சமையல்காரியா?"

அதேதான் என்றால், கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், உப்பிட்ட மீன், ஒலிண்டாவின் அரிசிப் பாயசம். பாயசம் என்றால் கெட்டியானது, தட்டில் ஊற்றி ஆறவைத்தது. அதன்மேல் ஒலிண்டா பட்டைப் பொடியை இரண்டு விரலால் கிள்ளித் தூவி, சாப்பிடுகிறவர் பெயரின் முதல் எழுத்தை எழுதிக் கொடுப்பார். கடைசி சில வருடங்களாக ஆர்லீன் போன் போடுவதைக்கூட விட்டுவிட்டார். மான்டேரோ வந்ததும் பென்சில் தானாக டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும்.

இந்த வருடமும் அப்படித்தான் போயிற்று.

ஒலிண்டா பிப்ரவரியில் இறந்துபோனார். ஆர்லீனுக்குத் தெரியாமலா? தேவாலயத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அழுதவர், வீட்டுக்குப் பெரிய தட்டு நிறைய நூடுல்ஸ் சமைத்து எடுத்துப்போனவர், பத்தியில் ஐந்து வரி எழுதியவர். அந்த வாரம் கொட்டிய பனியில் பத்திரிகை பாதி வாசல்களில் புதைந்து கூழாகி, அந்த ஐந்து வரி பலர் கண்ணில் படாமலே போனது வேறு கதை. அக்டோபர் கடைசியில் அடுக்களை மேசையில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்தபோது, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். நூலகத்தில் பழைய புத்தக விற்பனை எந்தத் தேதி என்று அந்தப் பக்கம் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்கு டிக் போட்டது.

வியாழன் காலை பத்து மணிக்கு ஆசிரியர் கர்ட்டிஸ் கூப்பிட்டார். ஆர்லீனின் பாதி வயதுதான் இருக்கும், குரலில் எப்போதும் ஒரு தயக்கம்.

"ஆர்லீன் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மான்டேரோ இந்த வருஷம் சேரவே இல்லையாம். வணிகர் சங்கத்துலேர்ந்து கேக்கறாங்க."

"சேரலன்னா நான் எதுக்குப்பா போடறேன்?" என்றபடி ஆர்லீன் பத்திரிகையை விரித்தார். 'ஒலிண்டாவின் அரிசிப் பாயசம், உங்கள் பெயரோடு' என்று அவருடைய பத்தியிலேயே அச்சாகியிருந்தது.

"மேடம்? இருக்கீங்களா? அடுத்த வியாழன் திருத்தம் போட்டுடலாம்."

"வாரம் ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்குது தம்பி. அடுத்த வியாழன் போட்டு யாருக்கு என்ன?" என்று போனை வைத்துவிட்டார். அவமானம் பிடுங்கித் தின்றது. இருபத்தாறு வருடத்தில் தேதியை மாற்றி எழுதியிருக்கிறார், ஒரு பூனைக்கு வேறு பூனையின் படத்தைப் போட்டிருக்கிறார். இறந்துபோன சிநேகிதியைச் சமையல்கட்டில் நிற்கவைத்ததில்லை. ஆர்மாண்டோ அதைப் படித்திருப்பாரே! கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் காரை எடுத்தார்.

மான்டேரோவில் நாற்காலிகள் இன்னும் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. ஆர்மாண்டோ கல்லாவுக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டிய போனுக்குக் கீழே நின்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், மனைவி போனதிலிருந்து இன்னும் ஒல்லி. கடையை வாரத்தில் நாலு நாள் மட்டும் திறக்கிறார். தனக்குத் தெரிந்ததைச் சமைக்கிறார்.

"ஆர்மாண்டோ, நான் பண்ணினது மன்னிக்கிற காரியம் இல்ல."

"முப்பத்தொரு பேர்" என்றார் அவர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "எட்டு மணிக்கு ஆரம்பிச்சுது. விடாம அடிக்குது."

"சேரலன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம். ஆனா ஒவ்வொருத்தரும் எடுத்த எடுப்புல ஒலிண்டா எப்படி இருக்கா, பாயசம் உண்டில்லயான்னுதான் கேக்கறாங்க. நான் என்ன சொல்ல? பேர எழுதிக்கறேன்னு சொல்லி எழுதிக்கிட்டேன்." பென்சிலை மேசையில் உருட்டினார். "ஒம்பது மாசமா நான் அந்த வார்த்தைய யார்கிட்டயும் சொன்னதில்ல, ஆர்லீன். சாவுச் செய்திய ஊருக்கெல்லாம் என் தங்கச்சி சொன்னா. காய்கறிக்காரன் கேட்டா, இன்னிக்கு வரலன்னு சொல்லுவேன். பொய் இல்லையே? இப்ப முப்பத்தொரு தடவ சொல்லணும்னா என்னால ஆகாது."

ஆர்லீன் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். "நான் பண்ணின கூத்து. நான் சொல்றேன். உங்களால எது முடியும், அத மட்டும் சொல்லுங்க."

"சூப் முடியும். மீன் முடியும். மூணாவது முடியாது."

"அப்ப ரெண்டுதான். அதையும் சொல்லிடறேன். வரவங்க வரட்டும்."

ஆர்மாண்டோ சமையல்கட்டுக்குப் போய்விட்டார். கீரை நறுக்குகிற சத்தம் கேட்டது. ஆர்லீன் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து முதல் எண்ணை அழுத்தினார். "வணக்கம், நான் பத்திரிகைல எழுதற ஆர்லீன். மான்டேரோவுக்கு இடம் கேட்டிருந்தீங்க. பத்திரிகைல வந்தது என் தப்பு. ஒலிண்டா பிப்ரவரில இறந்துட்டாங்க. சூப்பும் மீனும் உண்டு, பாயசம் கிடையாது. வரீங்களா?"

ஒரு பெண் அழுதுவிட்டு வருகிறேன் என்றாள். ஒருவர் இரண்டு பதார்த்தத்துக்கு விலை குறையுமா என்று கேட்டார், ஆர்லீன் பொறுமையாகக் குறையும் என்றார். நாலு பேர் வேறு கடைக்குப் போகிறோம் என்றார்கள், அதில் ஒருவர் எங்கே போகலாம் என்றும் கேட்டார். "ஸ்டேக் கடைக்குப் போங்க, செடியெல்லாம் நல்லாருக்கும்" என்று சொல்லி வைத்தார் ஆர்லீன். இறந்துட்டாங்க என்று அவர் சொல்லும்போதெல்லாம் உள்ளே கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. எட்டாவது அழைப்பிலேயே ஆர்லீனுக்கு அது தெரிந்துவிட்டது. குரலைத் தணித்துப் பார்த்தார். பிரயோஜனமில்லை, காலியான கூடம் எதையும் மறைக்கவில்லை.

பத்தொன்பதாவது பெயர் க்வென்டின் லாட்ஹாம், இரண்டு பேர், ஞாயிறு ஏழு மணி. வயதான குரல், உற்சாகமான குரல். ஆர்லீன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நல்லவேளை கூப்பிட்டீங்க! ஒலிண்டாகிட்ட ஒண்ணு சொல்லணும். என் பேருக்கு க்யூங்கற எழுத்து எழுதணுமில்ல, அவங்களுக்கு அந்த வால் வரவே வராது. பதினோரு வருஷமா வெறும் வட்டம்தான் போட்டுக் குடுக்கறாங்க. போன தடவ நான் சண்டை போட்டேன். அடுத்த வருஷம் வாங்கய்யா, வாலோட தரேன்னு சத்தியம் பண்ணினாங்க. இந்த வருஷம் வால் உண்டா, கேட்டுச் சொல்லுங்க."

ஆர்லீன் வாயைத் திறந்தார். பதினெட்டு தடவை சொன்ன வாக்கியம்தான், வரவில்லை. ஒலிண்டா கிள்ளின பட்டைப் பொடியோடு விரலை உயர்த்திக்கொண்டு, இந்தக் கிழவரிடம் சிரித்துச் சிரித்துச் சத்தியம் செய்கிற காட்சி கண்முன்னே நின்றது. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மற்றக் கையால் வாயைப் பொத்தினார்.

"ஹலோ?" என்றது போன். "ஹலோ, அம்மா?"

உள்ளே கத்தி நின்றது. ஆர்மாண்டோ ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். ஆர்லீனின் முகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். கையை நீட்டினார். ஆர்லீன் வேண்டாம் என்று தலையாட்டினார். ஆர்மாண்டோ நீட்டிய கையை மடக்கவில்லை, போனை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"சார், நான் ஆர்மாண்டோ பேசறேன்." சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். "ஒலிண்டா செத்துட்டா சார். பிப்ரவரில."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, ஒருமுறை லேசாகச் சிரித்தார், உடனே கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா சார். அவ அப்படித்தான். வீட்லயும் அப்படித்தான்... வாங்க. ரெண்டு பேருக்கும் இடம் வச்சிருக்கேன்."

போனை வைக்கவில்லை. அடுத்த அழைப்புக்காகக் கொக்கியை மட்டும் விரலால் அழுத்தி எடுத்தார். ஆர்லீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் ஆர்மாண்டோ ஆர்லீன் முன்னால் இருந்த நோட்டைத் தன் பக்கமாகத் திருப்பி, இருபதாவது பெயருக்குக் கீழே கட்டைவிரலை வைத்தார்.