மூன்று பசை ஒட்டிய வெள்ளிக்காசு

லிஃப்ட்டு அண்ணன் எனக்குப் பெரியம்மா மகன். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் கடைசிவரை பேசிக்கொள்ளாதவர்கள். அதனாலேயே என்னை இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் என்று நினைத்து, குடும்பத்தில் எதற்குச் சாட்சி வேண்டுமென்றாலும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

அண்ணன் ஒரு வங்கியில் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டினார். ஒரு முக்காலி, ஒரு பித்தளைக் கைப்பிடி, எட்டு மாடி. எங்கள் வம்சத்தில் அவ்வளவு உயரத்துக்குப் போனவர் வேறு யாருமில்லை. என்ன, சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தால் கீழேதான் நிற்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நாள் பூரா எட்டு எட்டு பேரோட ஒரே பெட்டிக்குள்ள நிக்கிறேன், வீட்டுலயாவது தனியா இருந்துக்கறேன்" என்பார்.

ஓய்வு பெற்ற அன்று அவருக்கு ஒரு வெள்ளிக்காசு கொடுத்தார்கள். வங்கியின் நூறாவது வருஷத்துக்காக ஐம்பதே ஐம்பது அடித்ததாம். கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடியை ஒட்டியிருந்தார்கள். "திறக்காதீங்க. கை படாம இருக்கிற வரைக்கும்தான் இதுக்கு விலை" என்று மேலாளர் சொன்னார். மேலாளர்கள் சொன்ன மாடிக்கே போய்ப் பழகியவர் அண்ணன். பதினாலு வருஷமாக அதைத் திறக்கவே இல்லை.

ஆனால் டப்பாவுக்குள் படுத்துக்கொண்டே அந்தக் காசு அவருக்காக உழைத்தது. அண்ணன் தன் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தார். அக்கா செத்த பிறகும் அந்த வீட்டின் ஜன்னல் அறை அவருக்கே இருந்தது காசினால்தான். அக்கா மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். "மாமாவுக்குக் காத்து வேணும்" என்பான். அவன் மனைவி வேளை தவறாமல் டீ கொண்டு வருவாள். அண்ணனின் தம்பி, வாட்ச் ரிப்பேர்காரர், வாரம் தவறாமல் வந்து நலம் விசாரிப்பார். விசாரிக்கும்போது கண் அலமாரியில் இருக்கும்.

போன வருஷம் அக்கா மருமகளுக்கு அந்த அறை வேண்டியிருந்தது. தையல் மிஷின் இரண்டு போடப்போகிறாளாம். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. காசை மதிப்புப் போட்டுப் பார்ப்பது. நல்ல விலை வந்தால் விற்று மாடியில் ஒரு அறை கட்டுவது. அண்ணன் ஜன்னலோடு இருக்கலாம். வராவிட்டால் மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய டிரங்குப் பெட்டியை அவள் முன்கூட்டியே கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டாள். முன்யோசனை உள்ள பெண்.

பழங்காசுக் கடை ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. சாட்சிக்கு என்னையும் சேர்த்து ஐந்து பேர் போனோம். பொத்தான் லிஃப்ட்தான், ஆனாலும் அண்ணன் முதலில் ஏறிப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்று, "எந்த மாடி?" என்று எங்களையே கேட்டார்.

கடைக்காரர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு டப்பாவை விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசைப் பார்ப்பார் என்றால் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைத் திறந்தீங்களா பெரியவரே?"

"இல்லீங்க. பதினாலு வருஷமா தூசி தட்டுறதோட சரி."

"மூடியில முதல்ல ஒட்டினது போக இன்னும் மூணு தினுசு பசை இருக்கே."

அவர் மூடியை நெம்பி, காசை ஓரத்தில் பிடித்து எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்தார்.

"நல்ல காசு. கடைவீதிப் பக்கமே போனதில்ல. ஆனா வீட்டுக்குள்ள ஊர் சுத்தியிருக்கு. இதோ, ஓரத்துல தேய்ஞ்சிருக்கு பாருங்க. யாரோ உரைகல்லுல உரசிப் பாத்திருக்காங்க, வெள்ளிதானான்னு."

வாட்ச் ரிப்பேர்காரர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"நடுவுல ஒரு பெருவிரல் ரேகை. வெள்ளியைத் தின்னுட்டு உக்காந்திருக்கு. ரேகையோரம் ஏதோ கறுப்புப் பொடி. ஜெராக்ஸ் மிஷின்ல போடுவாங்களே, அது மாதிரி."

"விலை விசாரிக்க ஒரே ஒரு காப்பிதான் மாமா எடுத்தேன்" என்றான் அக்கா மகன், யாரும் கேட்காமலே.

"அந்தக் கறையை எடுக்க யாரோ பல்பொடி போட்டுத் தேய்ச்சிருக்காங்க. எழுத்து இடுக்குல இன்னும் வெள்ளையா நிக்குது. வட்டம் வட்டமா கீறல். பாத்திரம் விளக்குற கை."

"அழுக்கா இருந்துச்சு" என்றாள் அவன் மனைவி. "சுத்தமா இருந்தா நாலு காசு கூட வரும்னு நெனச்சேன். இவர் கைவேலைன்னு எனக்கு என்ன தெரியும்?"

நானும் ஒருதரம் அந்த டப்பாவைக் குலுக்கிப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, குலுக்கினால் தழும்பு விழாது.

"கை படாம இருந்திருந்தா?" என்று அண்ணன் கேட்டார்.

"மாடியில ஒரு ரூம் கட்டி வெள்ளையும் அடிச்சிருக்கலாம். இப்போ வெள்ளி எடைக்குத்தான் போகும். ஒரு டம்ளர் வரும். சின்ன டம்ளர்."

அண்ணன் கோபப்படவில்லை. காசைத் திரும்ப வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார். பிறகு, "இந்தக் கண்ணாடி என்ன விலைங்க?" என்று கேட்டு, பாக்கெட்டில் இருந்ததைக் கொடுத்துப் பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் நேராக டிரங்குப் பெட்டியிடம் போய், குனிந்து, கயிற்றின் முடிச்சைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இது யார் கட்டினது?"

"நான்தான் மாமா. பூச்சி கீச்சி போயிடக்கூடாதேன்னு..." என்று சொல்லிக்கொண்டே அவளே அவிழ்த்தாள். அவள் புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் அறையில் வைத்தான். தம்பி, "அண்ணே, அந்த அலமாரிக் கீல் கத்துது, எண்ணெய் போட்டுத் தர்றேன்" என்றார்.

தையல் மிஷின் இரண்டும் இப்போது மாடிப்படிக்கு அடியில் ஓடுகின்றன. மோட்டார் போட்டால் அவளுக்கு மிஷின் சத்தமே கேட்பதில்லை.

அண்ணன் மாறவில்லை. டீ வரத் தாமதமானால் குரல் கொடுக்கமாட்டார். டப்பாவைத் திறந்து, காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்ப்பார்.

டீ வந்துவிடும்.