கிண்டல் ஒட்டாத பெயர்

முதன்முதலாக வெல்டிங் வைத்துப் பற்றவைத்த தொட்டியில் ஒரே ஒரு இடத்தில் தண்ணீர் கசிந்தது. அதற்காக ஒரு மனுஷனை ஆயுசு முழுக்க ‘ஓட்டை’ என்று கூப்பிடலாமா? இளையவனுக்கு இந்த ஆற்றாமை இருபது வருஷத்துக்கு மேலாக நெஞ்சிலேயே கிடக்கிறது. கசிந்தது கடுகளவு. அதற்குப் பிறகு அவன் கைபட்ட எந்தத் தொட்டியும் கசிந்ததில்லை. பால் வண்டித் தொட்டி, டீசல் தொட்டி, தீயணைப்பு வண்டித் தொட்டி என்று எத்தனையோ பட்டறையை விட்டுப் போயிருக்கின்றன. அதையெல்லாம் யார் பேசுகிறார்கள்? டீக்கடையில் ஓட்டை. பட்டறை வாசலில் ஓட்டை. கல்யாணத்தன்று போட்டோக்காரனே, “ஓட்டை, கொஞ்சம் இப்படித் திரும்புங்க” என்றான். மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று மாமியார் ஒரு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தியாள் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அவன் ஓட்டைப் பெரியப்பாதான்.

அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன்.

அண்ணனுக்கு அது ஒரு கைவந்த வித்தை. ஆளைப் பார்ப்பான், வெல்டிங் முகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்ப்பான், வாயைத் திறப்பான், முடிந்தது கதை. எதையும் இரண்டு தடவை சொல்லும் பெயிண்டருக்கு ‘ரெண்டாம் கோட்டு’. கையுறை கேட்டாலும் கண்ணாடி கேட்டாலும் நாளைக்கு வா என்கிற ஸ்டோர்காரருக்கு ‘நாளைக்கு’. முன்பல் போன கிரேன் டிரைவருக்கு ‘ஜன்னல்’. பல் கட்டிக்கொண்டு வந்தபோது கிரேன் டிரைவர் எல்லோரிடமும் சிரித்துக் காட்டினார். “ஜன்னலுக்குக் கதவு போட்டாச்சு” என்றான் அண்ணன். அவ்வளவுதான். பல் வந்தும் பெயர் போகவில்லை.

அண்ணனுக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பதிலுக்கு அவன் இன்னொன்று வைத்துத் தொலைத்தால் என்ன செய்வது? பட்டறை முழுக்க அவனை ‘அண்ணே’ என்றே கூப்பிட்டது. உள்ளுக்குள் ஒவ்வொருத்தரும் காத்திருந்தார்கள். இளையவனும்தான்.

அந்த அண்ணனுக்கு, தலை பாதி நரைத்த பிறகு, ஒரு பையன் பிறந்தான். அண்ணிக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை தங்கியதே பெரிசு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மாதம் நிறைவதற்குள் வலி வந்துவிட்டது. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு வயர். உள்ளங்கை அகலம்கூட இல்லாத நெஞ்சு ஏறி இறங்குவதை வராந்தா ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். அண்ணனுக்கு அதுதான் கதி. பற்றவைக்கிற புகையைக் குடித்துக் குடித்து அவனுக்கு நிற்காத இருமல். “இருமிக்கிட்டு உள்ள வராதீங்க” என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். அவன் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வரப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி உள்ளே போகலாம். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் துவாரம் வழியாகக் கையை விட்டுத் தொடலாம். தொடுவதோடு பேசவும் வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். அம்மா குரல் கேட்டால் பிள்ளை தெம்பாக இருக்குமாம்.

வெளியே வந்த அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பேசுங்க, பேசுங்கன்னு சொல்றாங்க. என்னன்னு கூப்பிட்டுப் பேசறது? பக்கத்துப் பெட்டிக்காரி பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடறா. நான் ‘ஏய், ஏய்’னு பஸ்ல போறவனைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.”

“வெச்சுடலாம், வெச்சுடலாம்” என்றான் அண்ணன்.

“எப்போங்க? நான் சொன்ன பேரெல்லாம் வேணாம்னுட்டீங்க. உங்க மனசுல என்னதான் இருக்கு?”

அண்ணி இளையவனைப் பார்த்தாள். “தம்பி, நீங்களாவது சொல்லுங்க. பேரில்லாமலே அவன்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டாள். மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அண்ணன் இளையவனைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“டேய், நான் ஒரு பேரு சொல்றேன். நீ அதைக் கிண்டல் பண்ணு.”

“என்னண்ணே, விளையாடறியா?”

“விளையாட்டில்லடா. பள்ளிக்கூடத்துல பசங்க எப்படிப் பண்ணுவாங்களோ அப்படிப் பண்ணு. தாட்சண்யம் பாக்காத.”

அப்போதுதான் இளையவனுக்கு விஷயம் விளங்கியது. தொட்டியை வெளியே அனுப்புவதற்கு முன் காற்றடைத்து, பற்றவைத்த இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். எங்கே குமிழ் வருகிறதோ அங்கே கோளாறு. அண்ணன் பிள்ளையின் பெயருக்கு அந்தச் சோதனை வைக்கிறான். சோப்புத் தண்ணீர் தம்பி.

முதல் பெயரைச் சொன்னான். இளையவன் பின்பாதியை வெட்டினான், ஒரு காய்கறி மிஞ்சியது. அடுத்ததைச் சொன்னான். அது ஒரு பல்பொடி விளம்பரப் பாட்டில் அப்படியே போய் உட்கார்ந்தது. மூன்றாவது நல்ல பெயர்தான். ஆனால் அந்தப் பெயரில் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு.

“குட்டை, நெட்டை, கறுப்பு, செவப்புன்னு முன்னால ஒண்ணைச் சேத்துத்தான் கூப்பிடுவாங்க” என்றான் இளையவன்.

“இவன் குட்டையாத்தான் இருப்பான்னு சொல்றியா?” அண்ணன் குரல் சட்டென்று மாறியது.

“ஐயோ, நான் அப்படிச் சொல்லலண்ணே.”

“சின்னதாப் பொறந்ததெல்லாம் சின்னதாவே இருந்துடாது. டாக்டரே சொன்னார்.”

“நானும் அதைத்தான் சொல்றேன்.”

அண்ணன் படியில் உட்கார்ந்து இருமினான். இருமி முடித்ததும், “உனக்குத் தெரியாதுடா. ஒரு பேரு எப்படி ஒட்டுதுன்னு எனக்குத்தான் தெரியும். ஒருத்தன் சொல்லணும், ரெண்டு பேர் சிரிக்கணும், அவ்வளவுதான். அப்புறம் தேய்ச்சாலும் போகாது. ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் நான் வெச்சிருக்கேன். எம்புள்ளைக்கு வைக்க எத்தன பேர் காத்துக்கிட்டு இருக்கான் தெரியுமா?” என்றான்.

இளையவனுக்கு வாய்வரை வந்தது: நீ எனக்கு வைக்கும்போது இதெல்லாம் தெரியலையா? ஆனால் அண்ணனின் கை கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தது. கொதிக்கிற இரும்பின் மேல் கோடு இழுத்தாற்போல் பற்றவைக்கிற கை. அதைப் பார்த்ததும் கேள்வியை விழுங்கிவிட்டான். பெட்டிக்குள் கிடக்கிற பிள்ளை நாளைக்கு எப்படி மூச்சு விடும் என்பதே யாருக்கும் தெரியாது. இவனோ பள்ளிக்கூடத்தில் நடக்கப்போவதற்குக் கவலைப்படுகிறான். கவலைப்பட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிடுவான் என்று கணக்குப் போடுகிறானோ என்னவோ.

சாயங்காலம் பெயிண்டரும் ஸ்டோர்காரரும் பார்க்க வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “நல்லாயிடும்ண்ணே, நல்லாயிடும்” என்றார் பெயிண்டர், வழக்கம்போல் இரண்டு தடவை. ஸ்டோர்காரர் ஆரஞ்சுப் பையை நீட்டி, “பேரு வெச்சாச்சா?” என்றார். அன்பாகத்தான் கேட்டார். அண்ணன் முகம் விறைத்துப் போய்விட்டது. “நாளைக்கு” என்று வாயில் வந்தது, அதை அப்படியே கடித்துக்கொண்டான். “சீக்கிரம் வெச்சுடுவோம்” என்றான். அவர்கள் போன பிறகு, “பார்த்தியா, கேக்கறான்” என்றான் தம்பியிடம்.

“சும்மா கேட்டாருண்ணே.”

“சும்மாவா கேப்பான்?”

மறுநாள் காலை இரண்டு பேரும் மருந்து வாங்குகிற இடத்தில் நின்றிருந்தார்கள். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். கவுண்டரில் இருந்த பெண் மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒரு பெயரைச் சொன்னால் மூன்று பேர் எழுந்தார்கள், “நீங்க இல்ல, வயசு முப்பத்தி ரெண்டு” என்று அவள் திருப்பி அனுப்பினாள். அப்புறம் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். இந்தக் காலத்தில் யாரும் வைக்காத பெயர். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீதிபதிக்கோ ஸ்டேஷன் மாஸ்டருக்கோ வைப்பார்களே, அந்த மாதிரி. சொல்லும்போதே வாயை நன்றாகத் திறந்து சொல்ல வேண்டிய பெயர்.

கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தடி. நிதானமாக நடந்தார். அவருக்கு எல்லோரும் தானாக வழிவிட்டார்கள்.

அண்ணன் இளையவன் கையைப் பிடித்து அழுத்தினான். “டேய், கேட்டியா? இத்தன பேர்ல ஒருத்தர்தான்டா எழுந்தார். வெட்டிப் பாரு. திருப்பிப் பாரு.”

இளையவன் வெட்டிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், பாட்டில் போட்டுப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

“வரலண்ணே.”

அண்ணன் அதோடு விடவில்லை. மருந்துப் பையோடு வெளியே வந்த பெரியவரைப் போய் மறித்தான். “ஐயா, தப்பா நெனைக்காதீங்க. உங்க பேரை வெச்சு உங்களை யாராவது கிண்டல் பண்ணியிருக்காங்களா?”

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “எதுக்குப்பா?”

“பையன் பொறந்திருக்கான். வைக்கலாமான்னு.”

“இந்தப் பேரையா?” பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. “நான் படிக்கும்போது எங்க வகுப்புல இதே பேருல அஞ்சு பேர் இருந்தோம். வாத்தியாருக்குக் குழம்பிப் போச்சு. என்னை ‘மூணாவது’ன்னுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி வேலைக்குப் போன பிறகும் கூட்டாளிங்களுக்கு நான் மூணாவதுதான்.”

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “மத்த நாலு பேர்?”

“போய்ச் சேந்துட்டாங்க. இப்போ என்னை அப்படிக் கூப்பிட ஒருத்தனும் இல்ல.” பெரியவர் மருந்துப் பையைக் கை மாற்றிக்கொண்டார். “யாராவது கூப்பிட்டா நல்லாத்தான் இருக்கும். பையன் நல்லா இருக்கானா?”

அண்ணன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மாடிக்குப் போய் அண்ணியிடம் பெயரைச் சொன்னான். பெரியவர் சொன்ன கதையைச் சொல்லவில்லை. அண்ணி ஒரு தடவை சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். “கனமா இருக்குங்க” என்றாள். “இருக்கட்டும். அவனுக்கு வேற எதுவும் கனமா இல்ல” என்று அவளே சேர்த்துக்கொண்டாள். ஆனால் அன்று அவளை உள்ளே விடவில்லை. தையல் போட்ட இடத்தில் வலி கூடிக் காய்ச்சல் வந்திருந்தது. காய்ச்சல் விட்டால்தான் பிள்ளைகிட்டே போகலாம் என்றார்கள். பெயர் கிடைத்தும் கூப்பிட முடியாமல் அவள் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணனும் தம்பியும் ஜன்னலுக்குப் போனார்கள். இளையவன் அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே பிள்ளையைப் பார்த்தான். மாதம் நிறையாமல் பிறந்த முகம். நெற்றியெல்லாம் சுருக்கம். கன்னம் ஒட்டி, வாய் உள்வாங்கி, எதிலோ சலித்துப்போன மாதிரி ஒரு பாவனை. அந்த முகமும் அந்தப் பெயரும் சேர்ந்ததுதான் தாமதம், இளையவன் வாயில் ஒரு சொல் வந்து நின்றது: கெழவன். தொட்டிக்கு மூடி பொருந்துகிற மாதிரிப் பொருந்தியது. ஒருத்தன் சொல்லி, இரண்டு பேர் சிரித்தால் போதும், இது ஆயுசுக்கும் போகாது. இத்தனை வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தானே? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தான். அண்ணன் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போது உள்ளே மணி மாதிரி ஏதோ விட்டு விட்டு அடித்தது. இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி பெட்டியின் மேல் குனிந்தாள். இன்னொருத்தி வந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். இருமல்கூட வரவில்லை. “பேரு வெச்சேன்டா” என்றான், யாரிடமோ முறையிடுகிற மாதிரி. “இப்பத்தானடா வெச்சேன்.” இளையவன் அண்ணன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். சின்ன வயசில் ரோட்டைக் கடக்கும்போது பிடித்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

எவ்வளவு நேரமென்று தெரியாது. கதவு திறந்தது. நர்ஸின் நெற்றியில் வியர்வை.

“மூச்சு விட மறந்துட்டான். இந்த மாதிரிப் புள்ளைங்க அப்படித்தான், மறந்துடும். தட்டிக் கொடுத்ததும் விட ஆரம்பிச்சுட்டான். யாராவது பக்கத்துல இருந்து பேசினா நல்லது. அம்மாவுக்குக் காய்ச்சல், நீங்க இருமறீங்க. இவர் யாரு?”

“சித்தப்பா” என்றான் அண்ணன்.

“இருமல், சளி இருக்கா?”

“இல்ல சிஸ்டர்” என்றான் இளையவன்.

“அப்போ கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க.”

இளையவன் குழாயடியில் நின்று நகக்கண்ணில் இருந்த கரியைச் சுரண்டிக் கழுவினான். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். கைக்குட்டையை இறக்கவில்லை, குரல் அதற்குள்ளிருந்து வந்தது.

“டேய், காதுகிட்ட குனிஞ்சு அந்தப் பேரைச் சொல்லு. மெதுவாச் சொல்லு. பட்டறையில கத்தற மாதிரிக் கத்தாத.”

“சரிண்ணே.”

“அப்புறம், ஜன்னல்கிட்ட நின்னப்போ உன் வாயில ஒண்ணு வந்துச்சே.”

“ஒண்ணும் இல்லண்ணே.”

“எங்கிட்டயாடா? உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

இளையவன் குழாயை மூடினான். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“என்னன்னு நான் கேக்கல” என்றான் அண்ணன். “அதையும் சொல்லிப் பாரு. ரெண்டுல எதுக்குக் கண்ணைத் தொறக்கறானோ, வந்து எங்கிட்டச் சொல்லு.”