கார்டு லாசரஸ் கைதூக்கிய பதினோரு நிமிஷம்

தாம்பரம் ரயில்வே காலனியில் கார்டு லாசரஸைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் அன்று காலையில்தான் குடி வந்திருக்க வேண்டும். ஆறடி உயரம், கஞ்சி போட்ட வெள்ளை யூனிஃபார்ம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட அந்த விசில் சட்டைக்குள் கிடக்கும். "ஆண்டவர் கூப்பிட்டாக்கூட ஒரு தரம் ஊதிட்டுத்தான் போவீங்க" என்பாள் அவர் மனைவி ரத்தினபாய். மனிதர் அதற்கும் கோபப்பட மாட்டார். "ஊதாம எப்படி வண்டி கெளம்பும்?" என்று திருப்பிக் கேட்பார்.

விழுப்புரம் பாசஞ்சரில் அவருக்கு வேலை. இருபத்தாறு வருஷமாக அதே கடைசிப் பெட்டி. வண்டி நின்றால் இறங்கி, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்து, விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்ட வேண்டும். கிளம்பின வண்டியில் தொற்றிக்கொண்டதும், பிளாட்பாரத்தில் எவனாவது விழுந்து கிடக்கிறானா என்று பின்னால் ஒரு பார்வை. எஞ்சினில் இருப்பவர் டிரைவர் தயாளன். ஒவ்வொரு வளைவிலும் தயாளன் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்ப்பார். கடைசிப் பெட்டியிலிருந்து லாசரஸ் கையை நீட்டி, எல்லாம் சரி என்று காட்டுவார். இரண்டு பேரும் ஒன்பது வருஷமாக ஒரே வண்டி. செங்கல்பட்டு ஏரிக்கரை வளைவில் இவர் கை நீளவில்லை என்றால் தயாளனுக்குச் சோறு இறங்காது.

லாசரஸுக்கு ஒரே ஒரு மனக்குறை. "நான் பார்த்ததெல்லாம் போய்ட்ட ஊருதான். எல்லாத்தோட முதுகையும் பார்த்தாச்சு. எதிர வந்து என் மூஞ்சியப் பார்த்தது ஒண்ணும் கெடையாது" என்று ஒருநாள் லோகநாயகி டீச்சரிடம் சொன்னார். டீச்சர் கூடுவாஞ்சேரியில் ஏறித் தாம்பரம் பள்ளிக்கூடத்துக்கு விலங்கியல் பாடம் நடத்தப் போகிறவர். கார்டு பெட்டிக்கு அடுத்த பெட்டியில்தான் எப்போதும் ஏறுவார். ஆள் நாலே முக்கால் அடி. ஆனால் அதட்டினால் ஸ்டேஷன் மாஸ்டரே எழுந்து நிற்பார். வண்டலூர் மலை, வேடந்தாங்கல் ஏரி என்று லீவு நாட்களில் ஒரு கூட்டத்தை இழுத்துக்கொண்டு அலைவது அவருக்கு வழக்கம்.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். செங்குத்தான பாறை. அதில் விரற்கடை அகல விளிம்பில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. பின்னோக்கி வளைந்த கொம்பு, பழுப்பு உடம்பு. படம் எடுத்தவரை அது நேருக்கு நேர் பார்த்தது.

"வரையாடு சார். உலகத்துலயே நம்ம மேற்கு மலையில மட்டும்தான் இருக்கு. ரெண்டாயிரம் தேறுமான்னு சந்தேகம்."

லாசரஸ் அந்தப் போட்டோவைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் ஆயிற்று. கொடுக்கும்போது, "இது நேராப் பார்க்குது டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் ஒரு வருஷம் டீச்சர் வன இலாகாவுக்கு மனு மேல் மனு போட்டு, 1987 பிப்ரவரியில் அனுமதி வாங்கினார். முக்கூர்த்தி மலை, எட்டுப் பேர், நாலே நாள். மறுபடி எப்போது கிடைக்குமோ, யாருக்கும் தெரியாது. லாசரஸ் தானும் பேர் கொடுத்து, கையோடு தயாளனையும் பிடித்து இழுத்தார்.

"ஆட்டைப் பாக்க அவ்ளோ தூரமா மச்சான்? சைதாப்பேட்டைல வரிசையா தொங்க வுட்டுகீறான், போய்ப் பாரேன்" என்றார் தயாளன். ஆனால் புது கான்வாஸ் ஷூவை முதலில் வாங்கியவரும் அவர்தான்.

ஊட்டி மலை ரயிலில் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆடித் தீர்த்துவிட்டார்கள். நடுத் தண்டவாளத்தில் பல் சக்கரம் கடிக்கும் சத்தத்துக்கே தயாளன் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஊட்டியிலிருந்து ஜீப்பில் போய், வன இலாகா வாட்சர் மாதன் என்பவருடைய கையில் டீச்சர் எல்லோரையும் ஒப்படைத்தார். மாதன் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அன்றைக்குச் சாயங்காலமே நடை ஆரம்பித்தது. புல் மேடுகள் மேலே மேலே போயின. மடிப்பு மடிப்பாகச் சோலைக்காடு. மூச்சு வாங்கியது, முழங்கால் கெஞ்சியது, ஆனாலும் யாருக்கும் உட்கார மனசு வரவில்லை.

டீச்சர் வரிசை போட்டார். முன்னால் மாதன், அவருக்குப் பின்னால் நீளக்கால் தயாளன். "மூடுபனி வந்துட்டா பக்கத்துல இருக்கறவங்க முகமே தெரியாது. அதனால கடைசி ஆளா லாசரஸ் சார் வரட்டும். யாராவது காணாமப் போனா மட்டும் விசில் ஊதுங்க. மத்தபடி மூச்சுகூடச் சத்தமா விடக் கூடாது."

லாசரஸுக்கு முகம் தொங்கிப்போனது. தயாளன் சும்மா இருப்பாரா? "மலைக்கு வந்தும் ஒனக்குக் கடைசிப் பெட்டிதானா மச்சான்" என்று சிரித்தார்.

வினை மறுநாள் காலையில் வந்தது. ஒரு முகட்டுக்குக் கீழே எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு, டீச்சரும் மாதனும் தவழ்ந்து மேலே போய் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் திரும்பி, இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினார். பத்து. கீழே இருந்தவர்களுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒவ்வொருவராக எழுந்து, குனிந்தபடியே மேலே கிளம்பினார்கள். கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேங்க்கில் வேலை பார்க்கும் சத்தியநாதன், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். லாசரஸ் கடைசியாக எழுந்தார். உட்கார்ந்த இடத்தில் எதுவும் விட்டுப்போகவில்லையே என்று பார்த்தார். தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது. ஆள் எல்லாம் ஏறியாயிற்று, வண்டி நகர்கிறது. அவ்வளவுதான், கை தானாகக் கழுத்துக்குப் போனது, விசில் தானாக வாய்க்குப் போனது. விழுப்புரம் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு ஊது ஊதினார்.

எதிர்ப் பாறையிலிருந்து அதே மாதிரி ஒரு விசில் சத்தம் திரும்பி வந்தது. அது எதிரொலி இல்லை. ஆபத்து என்றால் வரையாடும் அப்படித்தான் கத்தும். அடுத்த நொடி கல் உருளும் சத்தம், குளம்புச் சத்தம். எல்லோரும் விழுந்தடித்து முகட்டுக்கு வந்தபோது பாறைதான் இருந்தது.

"ரெண்டு ரோல் பிலிம் வாங்கினு வந்தேன் சார்" என்றார் சத்தியநாதன். அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பார்.

டீச்சர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையை மட்டும் நீட்டி, "குடுங்க சார்" என்றார். லாசரஸ் கழுத்துக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். டீச்சர் அதைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் முழுக்க மூடுபனி. முன்னால் போகிறவரின் முதுகுப் பையே புகை மாதிரி தெரிந்தது. ஆடு கிடக்கட்டும், பாதை தெரிந்தாலே பெரிசு. மத்தியானம் ரொட்டியும் ஜாமும் சாப்பிடும்போது லாசரஸ் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் தள்ளி உட்கார்ந்திருந்தார். தயாளன் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"வுடு மச்சான். வாயில்லா ஜீவன், ஓடிச்சு. அதுக்கு இன்னா பண்றது?"

"நான் பார்க்காட்டி போவட்டும்யா. ஏழு பேர் ஒரு வருஷமாக் காத்துக்கிட்டு வந்தாங்க. அத்தனை பேர் வாயிலயும் மண்ணைப் போட்டுட்டேனே" என்றார் லாசரஸ். அவர் கண் கலங்கியிருந்தது. அன்று தூங்கப் போகுமுன் அவர் செய்த ஜெபம் இவ்வளவுதான்: ஆண்டவரே, எனக்கு வேண்டாம், அவங்க ஏழு பேருக்கும் காட்டும்.

நாலாம் நாள் காலை கீழே இறங்க வேண்டும். மத்தியானத்துக்குள் ஜீப்புக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மூடுபனி லேசாக விலகியிருந்தது. பாதை மலைச்சரிவை ஒட்டி, லாடம் மாதிரி ஒரு பெரிய வளைவு வளைந்து போனது. வாட்சரும் தயாளனும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள், மற்றவர்கள் நடுவில். எல்லோரும் தோற்றுப் போனவர்களாகத் தரையைப் பார்த்து நடந்தார்கள். லாசரஸ் வழக்கம்போலக் கடைசி. வளைவின் தொடக்கத்தில், வழக்கம்போல, பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர்கள் நடந்து வந்த அதே பாதையில், முப்பது தப்படி தூரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு கொம்பு வந்தது. பிறகு ஒரு முதுகு. பிறகு இன்னொன்று. எல்லோரும் தாண்டிப் போகட்டும் என்று பாறைக்குக் கீழே பொறுமையாக நின்றிருக்கிறது கூட்டம். இப்போது மேலே ஏறி, சாவகாசமாகப் புல் மேய ஆரம்பித்துவிட்டது. தலையை இன்னும் ஒன்றும் தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றால் தூக்கும். நேராகப் பார்க்கும். ஒரு வருஷமாக அவர் கேட்டது அதைத்தான்.

ஆனால் முன்னால் ஏழு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் ஆடு ஓடிவிடும். ஓடினாலும் ஓடிவிடும். விசில் இல்லை, இருந்தாலும் ஊத முடியாது. நல்ல வேளை, வளைவு இருந்தது. வளைவென்று ஒன்று இருந்தால் தயாளன் திரும்பிப் பார்த்தே தீருவார். லாசரஸுக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் வரவில்லை.

அவர் ஆடுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். தண்ணீர்க் குடத்தைத் தலைக்குத் தூக்குகிற நிதானத்தில் இரண்டு கையையும் மேலே உயர்த்தினார். ரயில்வேயில் அதற்கு ஒரே அர்த்தம்: நிறுத்து.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தயாளன் நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியில், முன்னால் போகிற மாதன் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே, அனிச்சையாகத் திரும்பினார். பார்த்தார். அப்படியே நின்றார். ஒரு கையை உயர்த்தி, புரிந்தது என்று காட்டினார். பிறகு மாதனின் தோளைத் தொட்டார், பின்னால் வந்த டீச்சரை மறித்தார். ஒரு சத்தம் இல்லை. மாதனும் மற்ற ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் புல்லில் உட்கார்ந்தார்கள்.

லாசரஸ் அவர்கள் முகங்களைத்தான் பார்த்தார். டீச்சர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அந்தக் கண்டிப்பான டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். சத்தியநாதனின் கேமரா வேலை செய்துகொண்டிருந்தது. தனக்குப் பின்னால் புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் லாசரஸுக்குக் கேட்டது. ஒரு தும்மல் கேட்டது. ஈரக் கம்பளி வாடை வந்தது. இப்போது கையை இறக்கினால் எல்லாம் போச்சு. திரும்பினாலும் போச்சு. ஆண்டவர் அவர் ஜெபத்தை வார்த்தை மாறாமல் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தோள் எரிந்தது. விரல் மரத்தது. ஐம்பத்திரண்டு வயதில் அப்படி நின்றார் மனிதர்.

சத்தம் நெருங்கியது. இரண்டு பக்கமும் உரசுகிற தூரத்தில் அவை அவரைத் தாண்டிப் போயின. ஒரு தூண் நிற்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டன போல. மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றும் அவருக்கு முன்னால் போய்ச் சரிவில் ஏறியது. அவருக்குக் கிடைத்தது வாலும் முதுகும்தான், எப்போதும் போல.

கடைசியாக வந்தது பெரிய கிடா. கறுத்த உடம்பு, முதுகில் சேணம் போட்டது மாதிரி வெளுப்பு. மற்றதெல்லாம் ஏறட்டும் என்று அது காத்திருந்தது. பிறகு நாலு அடி வைத்து நின்று, கூட்டத்தில் எதுவும் பின்தங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்தது. பத்தடி தூரம். நேராக லாசரஸின் முகத்தை.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. பிறகு அவர் இடது கையை மெல்ல இறக்கினார். வலது கையை மட்டும் நீட்டி நிறுத்தினார். எல்லாம் சரி, போகலாம். கிடா ஒரு தாவில் பாறைமேல் ஏறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

தயாளன் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துத் தேய்த்தார். "பதினோரு நிமிஷம் மச்சான். வாட்ச்ல பாத்துகினே இருந்தேன்." டீச்சர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, விசிலைத் தன் கையாலேயே அவர் கழுத்தில் மாட்டினார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார். லாசரஸ் ஏழு தலைகளையும் எண்ணிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

சத்தியநாதன் எடுத்த போட்டோ 1993இல் லாசரஸ் ரிட்டயர் ஆகி, சேலையூரில் வீடு கட்டிப் போன பிறகும் அவர் கூடத்தில் மாட்டியிருந்தது. புல்வெளியில் நெட்டையாக ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அவர் முதுகுக்குப் பின்னால் வரையாடுகள், அவருக்குத் தெரியாமல் ஒரு குட்டி அவர் சட்டை நுனியை மோந்து பார்க்கிறது. "போலீஸ் பிடிச்ச திருடன் மாதிரி நிக்கிறாரு பாருங்க" என்று ரத்தினபாய் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள்.

"எல்லாமே உங்க பின்னாடி நிக்குதே சார், நீங்க எதைப் பார்த்தீங்க?" என்று கேட்பார்கள்.

"நான் எங்க பார்த்தேன்? அதுங்க கூட்டத்துலயும் ஒரு கார்டு இருந்தாரு. அவர்தான் திரும்பி என்னைப் பார்த்தாரு" என்பார் லாசரஸ்.